தேடிக்கொண்ட துன்பம்

வாழ்க்கை தரும் துன்பங்கள் போதாவென்று தானே ஒரு துன்பத்தைத் தேடிச் செல்லும் உயிர் மனித உயிர் ஒன்றே எனலாம். பசித்த புலி இரைக்காக ஓடும். வயிறு நிறைந்த புலி நிழலில் படுத்துறங்கும். மனிதனோ நன்றாக உண்டு, நன்றாக உறங்கி, விடியுமுன் எழுந்து, துரத்துவார் எவரும் இன்றியே ஓடுகிறான். இஃது அறமா, அகந்தையா, வெறும் பொழுதுபோக்கா? மிகப் பழைய இவ்வினாவை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்கு நம் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சாலையும் ஓர் ஆறுமே காரணம்.

கல்லாறு என்றதும் தமிழர் பலர்க்கு, நீலகிரி மலை இரயில் பற்சக்கரப் பாதையில் ஏறத் தொடங்கும் மேட்டுப்பாளையத்துக் கல்லாறே நினைவுக்கு வரும். நாம் சொல்வது திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாற்றை. நெடுமங்காடு, சுள்ளிமானூர், விதுரை என்று ஊர்களைத் தாண்டிப் பொன்முடிக்குப் போகும் சாலையில் அவ்வூர் இருக்கிறது. வாமனபுரம் ஆற்றுக்கு நீர் கொண்டு சேர்க்கும் மலையோடைகளுள் ஒன்று அதே பெயருடன் அங்கே ஓடுகிறது. பெயருக்கேற்ப ஆறு முழுவதும் கல். நீரால் உருட்டி உருட்டி வழவழப்பாக்கப்பட்ட கல். ஆற்றங்கரையை விட்டுப் புறப்படும் சாலை 22 கொண்டையூசி வளைவுகளாக மலையேறி, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியைச் சேர்கிறது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டிகள் பொன்முடியில் நடைபெற்றன. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அச்சாலையில் மிதித்தேறும் நடுவயதினருள் நாமும் ஒருவர். நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்து கோப்புகளைப் புரட்டும் மைய அரசு எழுத்தர்க்கு இது தகுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தகுதியைப் பற்றிய அவ்வினாவைவிட, நன்மை தீமை பற்றிய வினாவே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நாமும் நம்மொடு பயிலும் சிலரும் ஆயத்தம் செய்வது டிரையத்லான் என்னும் போட்டிக்கு. மூவினைப் போட்டி எனத் தமிழில் வழங்கலாம். முதலில் நீந்தவேண்டும், நீரை விட்டேறிய ஈரத்தோடு மிதிவண்டி ஓட்டவேண்டும், வண்டியை நிறுத்திவிட்டு ஓடவேண்டும். இடையே ஓய்வில்லை, உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். 2000ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக் போட்டிகளுள் இடம்பெற்றது. அங்கு 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம். தொடக்கக்காரர்க்கு வகுக்கப்பட்டது இதில் சரிபாதி: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். எண்ணாகப் படிக்கும்போது எளிது. 750 மீட்டர் என்பது ஐம்பது மீட்டர்க் குளத்தில் பதினைந்து நீளம் என்று கணக்கிட்டுக் குளத்தின் விளிம்பில் நிற்கும்போதுதான் அதன் பொருள் விளங்கும்.

இவ்விளையாட்டின் பிறப்பைப் பார்த்தால் அகந்தைக் கட்சியினர்க்கே வாய்ப்பு மிகுதி. ஓட்டக்காரர் உடல்வலிமை மிக்கவரா, நீச்சல்காரர் மிக்கவரா என்று ஹவாய்த் தீவில் எழுந்த ஒரு வாய்ச்சண்டையைத் தீர்க்க, ஜான் காலின்ஸ் என்னும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி, தீவில் தனித்தனியே நடந்துவந்த மூன்று நெடும்போட்டிகளை ஒன்றாக இணைத்தார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் பிடித்தது. இரண்டாவதாக வந்தவர்க்கு வழியில் துணைவந்தோரிடம் தண்ணீர் தீர்ந்துவிட, அவர்கள் பீர் கொடுத்தனர் என்பது வரலாறு. முடித்தவர்க்குக் காலின்ஸ் வாக்களித்த பரிசு, எஞ்சிய வாழ்நாள் முழுதும் தற்பெருமை பேசிக்கொள்ளும் உரிமை. ஒளிவுமறைவற்ற நேர்மை! நம் நாட்டில் இதே ஆசையை உடல்நலம், மனவலிமை என்று பல சொற்களால் போர்த்தியே வெளியில் சொல்கிறோம்.

தமிழ் மரபில் தேடிக்கொண்ட துன்பத்திற்குத் தனிப் பெயரே உண்டு, அது தவம். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதன் முதற்குறளிலேயே வடிவத்தை வரையறுக்கிறார். அவ்வரையறையில் இரண்டு உறுப்புகள் உள்ளன. தனக்கு நேரும் துன்பத்தைப் பொறுத்தல் ஒன்று. பிற உயிர்க்குத் துன்பம் செய்யாதிருத்தல் மற்றொன்று. தவத்தைப் பற்றிப் பேசுவோர் முதல் உறுப்பையே பெரிதும் பேசுவர். ஒற்றைக்காலில் நின்றவர், உணவு துறந்தவர், வெயிலில் வாடியவர் என்று கதைகள் பெருகியுள்ளன. இரண்டாவது உறுப்பு கண்ணுக்குக் காட்சியளிப்பதில்லை; ஆகவே கதையாகவில்லை. இரண்டும் சேர்ந்ததே தவம் என்பது வள்ளுவர் கருத்தாயின், ஒருவன் தன்னை எவ்வளவு வருத்திக்கொண்டான் என்னும் கேள்வியோடு நிற்க முடியாது. அவ்வருத்தத்தின் விலையில் ஒரு பங்கைப் பிறர் தலையில் ஏற்றினானா என்பதையும் கேட்டாகவேண்டும். நம் வினாவுக்கு இதுவே உரைகல் என்று கொள்கிறோம்.

கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் நடுநிலையை விளக்கப் புகுந்தபோது எடுத்த எடுத்துக்காட்டும் ஒரு பயிற்சிக்களத்திலிருந்தே வருகிறது. மைலோ என்னும் பெருமல்லனுக்குப் போதாத உணவு, அப்போதுதான் பயிற்சி தொடங்கியவனுக்கு மிகையாகும் என்கிறார் அவர். அளவு என்பது பொருளில் இல்லை. ஆளுக்கு ஆள் வேறுபடுவது. ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடக்கக்காரனை நினைத்துப் பார்த்த தத்துவஞானிக்கு நம்மனோர் கடமைப்பட்டுள்ளோம்.

பயிற்சியில் இறங்கியபின் நமக்கு வியப்பளித்தது, அதில் அடக்கம் பெறும் இடமே. வெளியிலிருந்து காண்பார்க்கு இது முயற்சியின் விளையாட்டு. உள்ளே சென்றால் பாதிக்கு மேல் நிறுத்திக்கொள்ளும் கலை. ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கக்காரன் ஓடிக்கொண்டே உடன் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். சொல் துண்டுபட்டால் விரைவு மிகை என்று பொருள். சாலையோரத்தில் பால் வாங்க வந்தவர் நம்மைக் கடந்து நடந்து போகும்போது இவ்விதியைக் காப்பது எளிதன்று! ஒரு வாரத்தில் ஓடும் தொலைவை அடுத்த வாரம் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் கூட்டாதிருப்பது பயிற்றுநர் பலர் சொல்லும் மரபு. நெஞ்சும் நுரையீரலும் விரைவில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் மெல்லவே பழகும். நெஞ்சு தரும் துணிவை நம்பி ஓடியவனை முழங்கால் காட்டிக்கொடுக்கும். வாரத்தில் ஒரு நாளேனும் ஒன்றும் செய்யாதிருக்கவேண்டும். ஆர்வமுடையார்க்கு அந்நாளே கடினமானது.

நீச்சல் இன்னும் நுட்பமானது. ஊர்க்குளத்திலும் வாய்க்காலிலும் நீந்திப் பழகிய நம் தலைமுறையினர் தலையை நீர்மேல் தூக்கி, மூச்சை அடக்கி நீந்துவர். ஐம்பது மீட்டரில் தோள் சோரும், மூச்சு முட்டும். காற்று உள்ளே வரவில்லை என்ற அச்சமே அப்போது மேலிடுகிறது. உண்மையில், பழைய காற்று வெளியே போகாமையே மூச்சு முட்டலுக்குப் பெரிதும் காரணம். ஆகவே முதல் இரண்டு வாரங்கள் குளத்தின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு, முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சைக் குமிழிகளாக வெளிவிடுவதே பாடம். நரை தோன்றிய ஆடவர் நால்வர் வரிசையாக நின்று குமிழி விடுவதைப் பள்ளிச் சிறுவர் கண்டு நகைப்பர். அந்நகைப்பையும் பாடத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும்.

மிதிவண்டியை விட்டிறங்கியவுடன் ஓடிப் பழகும் பயிற்சி ஒன்றுண்டு. அதைச் செங்கல் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அழைப்பர். கால்கள் செங்கல்லாகிவிட்டது போன்ற உணர்ச்சி முதல் சில நிமிடங்களுக்கு இருக்கும்; பின்னர்த் தானே விலகும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடற்சூடு தணியாமல் ஏறிக்கொண்டே போகும். காலை எட்டு மணிக்குப் பின் இப்பயிற்சியைத் தவிர்ப்பதே நன்று. பொன்முடியிலிருந்து இறங்கும்போது இரு தடைகளையும் வளைவுக்கு முன்னரே மெல்லப் பிடிக்கவேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் அழுத்துபவன் எதிரே மேலேறிவரும் பேருந்தின் ஓட்டுநரையும் துன்பத்துக்கு ஆளாக்குகிறான்.

இனி ஆற்றுக்கு வருவோம். கல்லாற்றில் நீரும் உண்டு, மலைச்சாலையும் உண்டு, ஓடுவதற்கு நிழலும் உண்டு. மூன்று வினைகளையும் ஓரிடத்திலேயே பயிலலாமே என்று புதியவர் எல்லோர்க்கும் தோன்றும். அத்தோற்றம் தீது. கயம் என்பது சங்கநூல்களில் பயின்ற சொல். தமிழ்ப் பேச்சுவழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்ட அது, மலையாளத்தில் ஆற்றின் ஆழ்ந்த இடத்தைக் குறித்து இன்றும் வழங்குகிறது. கல்லாற்றில் வட்டக்கயம் என்றே ஓரிடம் உண்டு. அவ்விடத்தில் மூழ்கி உயிர்விட்டோர் பலர். முழங்கால் அளவு தெளிந்த நீர். இரண்டடி தள்ளி வைத்த கால் வழவழப்பான பாறையில் சறுக்கினால் நிலைகொள்ளாத ஆழம். மேலே காட்டில் பெய்யும் மழை கீழே நிற்பவர்க்குத் தெரியாது; வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும்.

ஒருவன் தன் உயிரைப் பணயம் வைக்கத் தனக்கு உரிமை உண்டென்று வாதிடலாம். அவ்வாதத்தை நாம் ஒரு பொழுது ஏற்றுக்கொண்டாலும், ஆறு அதனை ஏற்காது. மூழ்குபவன் ஒருவன்; கரையில் நிற்பவர் பலர். கூக்குரல் கேட்டுக் குதிப்பவர், கரையில் தேநீர்க்கடை வைத்திருப்பவராகவோ, சுள்ளி பொறுக்க வந்தவராகவோ இருப்பார். காக்கக் குதித்தவரும் மூழ்கினார் என்னும் செய்தியை நாளிதழ்களில் எத்தனை முறை படித்துள்ளோம்! அம்மனிதர் நம்முடைய போட்டியில் பெயர் பதிந்தவர் அல்லர். அவருடைய இரக்கத்தை நாம் கேளாமலே கடனாகப் பெற்று நம் துணிச்சலுக்கு முதலீடாக்குகிறோம். இதனால்தான் நம் குழுவினர் ஆற்றில் இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம். 2015ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளின் நீச்சல் நடந்த பிரப்பன்கோட்டுக் குளம் போன்று, கயிறும் காவலரும் உள்ள இடத்திலேயே தொடக்கக்காரன் பழகவேண்டும்.

இஃது அளவுகடந்த அச்சம் என்பார்க்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த இறப்புகளையும், இதயம் நின்று மீட்கப்பட்டவர்களையும் மருத்துவ ஆய்வாளர் தொகுத்து 2017இல் வெளியிட்டனர். மொத்தம் 135. அவற்றுள் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. அவர்களின் சராசரி வயது 47ஐ ஒட்டியது; நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். பங்குபற்றியோரின் தொகையோடு ஒப்பிட்டால் இலட்சத்துக்கு இரண்டு பேரும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சராசரி வயது நம் வயதை அடுத்தது என்பதால், நாற்பதைக் கடந்தவர் முதலில் செல்லவேண்டிய இடம் மருத்துவர் வீடு. மிதிவண்டிக் கடை அதற்குப் பிறகு.

கட்சியின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. ஈழத்து வல்வெட்டித்துறையினரான வி. எஸ். குமார் ஆனந்தனை, ஆழிக்குமரன் என்று தமிழுலகம் போற்றும் அவ்வீரரை, நாம் இங்கு நினைவுகூர்வது கடன். 1971ஆம் ஆண்டு பாக்கு நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியக் கரைவரை நீந்தி, மீண்டும் நீந்தியே திரும்பினார். 51 மணி நேரம். பல உலக சாதனைகள் அவர் பெயரில் பதிவாயின. 1984ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிர் துறந்தார். அவர் தேடிக்கொண்ட துன்பத்தை அகந்தை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. பல்லாண்டு பயின்று, தன் உடலின் அளவை அறிந்து, துணைப்படகோடு கடலில் இறங்கியவர் அவர். அவ்வாறிருந்தும் கடல் அவரைக் கொண்டது. பயின்றவனுக்கே இவ்வாறாயின் பயிலாதவன் அடங்கவேண்டும் என்று ஒருவர் முடிவு கட்டலாம். பயின்றவன் செல்லாவிடில் எவர்தாம் செல்வது என்று வேறொருவர் கேட்கலாம். இரண்டையும் நாம் மாறி மாறி எண்ணியதுண்டு; துணிந்து ஒன்றைக் கூற இயலவில்லை.

வேறு ஒரு காட்சி தொடக்கக்காரரைப் பெரிதும் கெடுத்துள்ளது என்பது நம் கருத்து. 1982ஆம் ஆண்டு ஹவாய்ப் போட்டியில் ஜூலி மாஸ் என்னும் கல்லூரி மாணவி, தம் படிப்பிற்குரிய ஓர் ஆய்வின் பொருட்டுக் கலந்துகொண்டவர், முன்னணியில் வந்துகொண்டிருக்கையில் முடிவிடத்துக்குச் சற்றுமுன் கால்கள் மடங்கி விழுந்தார். வேறொரு பெண் அவரைக் கடந்து முதலிடம் பெற்றார். மாஸ் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சி அதை உலகுக்குக் காட்டியது. இப்போட்டியின் புகழும் அதனால் பெருகியது. அவர் உறுதியை நாம் மதிக்கிறோம். ஆனால் தவழ்வதே இலட்சியம் என்று கொண்டுவிட்டோர் உளர். விழும்வரை போகவேண்டும், அப்போதுதான் உண்மை என்பது அவர் கொள்கை. 2016ஆம் ஆண்டு மெக்சிகோவின் கோசுமெலில், வெப்பத்தால் தள்ளாடிய ஜானி பிரவுன்லியை அவருடைய அண்ணன் அலிஸ்டர் தோளில் தாங்கிக் கோட்டின்மேல் தள்ளிவிட்டார். தாம் வெல்லும் வாய்ப்பை விட்டே அதைச் செய்தார். உலகம் அண்ணனைப் பாராட்டியது, தக்கதே. அண்ணன் அருகில் இல்லாதவர் என்ன செய்வது?

பொன்முடிச் சாலையில் ஏறும்போது வேறொரு முரண்பாடும் கண்ணில் படும். மலைமேல் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. தோட்டத் தொழிலாளியின் அன்றாட ஏற்ற இறக்கத்தை எவரும் கைக்கடிகாரத்தில் அளப்பதில்லை. கல்லாற்றுக் காட்டைச் சேர்ந்த மூலிகை மருத்துவர் லட்சுமிக்குட்டியம்மாவுக்கு 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. காணிப் பழங்குடிப் பெண்ணான அவர் பிள்ளைப் பருவத்தில் காட்டுவழியே நெடுந்தொலைவு நடந்து பள்ளிக்குச் சென்றவர். விருது அவருடைய மருத்துவ அறிவுக்குத்தான்; அந்நடைக்குப் பதக்கம் எதுவும் இல்லை. அவ்வாறாயின், தேர்ந்துகொண்ட துன்பம் என்பது துன்பமில்லாதவனின் செல்வவிளையாட்டா? ஓரளவு ஆம் என்றே சொல்லவேண்டும். தொடங்கிய துன்பத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்னும் உரிமை நமக்கு இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. இவ்வேறுபாட்டை மறந்து, அவர்களுடைய உழைப்புக்கும் நம்முடைய பயிற்சிக்கும் ஒரே பெயரிடுவது பொருந்தாது. அவர்களைக் கடந்து செல்லும்போது மணியடித்து விலகச் சொல்லாமல், நாமே விலகிச் செல்வது குறைந்த அளவு மரியாதை.

வீட்டுக் கணக்கும் உண்டு. நாலரை மணிக்கு ஒருவர் எழுந்தால் அவ்வீட்டில் எழுபவர் ஒருவர் மட்டும் அல்லர். காப்பி எவர் கையால் வருகிறது? ஞாயிறு காலை கல்லாற்றுக்குப் போனவர்க்காக, சந்தைக்குப் போகிறவர் யார்? மிதிவண்டியின் விலை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்னே வரவேண்டியதா, பின்னே வரவேண்டியதா? தவத்தின் இரண்டாவது உறுப்பு காட்டில் அன்று, அடுக்களையில்தான் முதலில் சோதிக்கப்படுகிறது. நம் குழுவில் ஒருவர் வாரத்தில் மூன்று நாளே பயில்வது என்று இல்லத்தாரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, எஞ்சிய நாட்களில் காப்பி தாமே போடுகிறார். அவருடைய நீச்சல் மெல்லவே முன்னேறுகிறது.

இன்னொருவர் எங்களுள் மூத்தவர், ஐம்பத்தைந்தை நெருங்குபவர். மருத்துவர் அவருடைய நெஞ்சுத் துடிப்புக்கு ஓர் எல்லை குறித்துக் கொடுத்துள்ளார். கல்லாற்றிலிருந்து ஏறத் தொடங்கினால் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வளைவில் அவ்வெல்லை வந்துவிடும். மற்றவர்கள் மேலே செல்ல, அவர் அங்கேயே வண்டியைத் திருப்பி, தடைகளை மெல்லப் பிடித்தபடி இறங்கி, ஆற்றோரத் தேநீர்க்கடையில் எங்களுக்காகக் காத்திருப்பார். இளைஞர்கள் முதலில் அவரை ஏளனம் செய்தனர், இப்போது செய்வதில்லை. எஞ்சிய பத்து வளைவுகளை அவர் மிதிவண்டியில் இன்னும் கண்டதில்லை. சென்ற ஓணம் விடுமுறையில் பேத்தியை அழைத்துக்கொண்டு அரசுப் பேருந்தில் போய்க் கண்டுவந்தார்.